ஆரஞ்சுப் படிகம் பச்சையாக ஒளிர்வது ஏன்? அடுக்குப் பெராவ்ஸ்கைட்டுகளின் வேதியியல்

காரீய அயோடைடு மஞ்சள் நிறத் தூள். அதைச் சூடான ஹைட்ரயோடிக் அமிலத்தில் கரைத்து, ஃபீனைல்எத்தில்அமீன் என்ற கரிமத் திரவத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, மெல்ல ஆறவிட வேண்டும். ஆற ஆற, குடுவையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய தகடுகள் மினுமினுத்தபடி இறங்கும். அமிலம் பழையதாக இருந்தால் அயோடின் பிரிந்து கருஞ்சிவப்பாகக் கிடக்கும். ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் சிறிது விட்டால் கரைசல் தெளிந்துவிடும். தகடுகளை வடிகட்டி, கழுவி, உலர்த்தி, இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் அவை பச்சை நிறத்தில் ஒளிரும். (காரீயம் நச்சு, அமிலம் கடுமையாக அரிக்கக்கூடியது. ஆய்வகத்துக்கு வெளியே செய்து பார்க்கிற வேலையன்று.)

பகல் வெளிச்சத்தில் ஆரஞ்சு, புற ஊதாவில் பச்சை. ஒரே பொருளுக்கு இரண்டு நிறம் எப்படி வரும்? விடை எளியதுதான். பகலில் நாம் பார்ப்பது படிகம் விழுங்கியது போக மிச்சமிருக்கும் வெளிச்சம். இந்தப் படிகம் ஊதா, நீலம், பச்சையின் பெரும்பகுதி ஆகியவற்றை விழுங்கிவிடுகிறது. மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் தப்பித்து நம் கண்ணுக்கு வருகின்றன. புற ஊதாவில் பார்ப்பதோ படிகம் தானாக வெளியிடும் ஒளி. அது, விழுங்குவதும் விடுவதும் மாறும் அந்த எல்லைக்கோட்டிலேயே, சுமார் 525 நானோமீட்டர் அலைநீளத்தில் வருகிறது. அது பச்சை.

அந்த எல்லைக்கோடு எங்கே விழும் என்பதை எது தீர்மானிக்கிறது? இந்தப் படிகத்தில் மூன்று சரக்குகள் இருக்கின்றன: காரீயம், அயோடின், கரிம அயனி. மூன்றையும் தனித்தனியே மாற்றலாம். அயோடினுக்குப் பதில் புரோமின் வைத்தால் ஊதா. காரீயத்துக்குப் பதில் வெள்ளீயம் வைத்தால் சிவப்பு. கரிம அயனியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் வெள்ளை ஒளிகூட வரும். இவற்றில் எனக்கு வியப்பளிப்பது கடைசிதான். ஒளி உண்டாவதில் நேரடியாகப் பங்கெடுக்காத கரிமப் பகுதி, எந்த ஒளி வரவேண்டும் என்பதில் இத்தனை அதிகாரம் செலுத்துகிறது.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். குறைக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகள் இரண்டு பட்டைகளாகப் பிரிந்திருக்கும். கீழ்ப்பட்டை எலக்ட்ரான்களால் நிறைந்திருக்கும். மேல்பட்டை காலியாக இருக்கும். நடுவில் எந்த எலக்ட்ரானும் தங்க முடியாத ஆற்றல் இடைவெளி. போதுமான ஆற்றலுள்ள ஒளி விழுந்தால் ஓர் எலக்ட்ரான் மேலே தாவும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தைத் துளை என்பார்கள். எலக்ட்ரான் மறுபடியும் துளைக்குள் விழும்போது இடைவெளியின் ஆற்றல் ஒளியாக வெளிவருகிறது. மின்சாரத்தைக் கொடுத்து எலக்ட்ரானையும் துளையையும் இரு பக்கத்திலிருந்து செலுத்தினால் அதுவே எல்இடி விளக்கு.

ஆற்றலை எலக்ட்ரான்வோல்ட்டில் சொன்னால், 1240-ஐ அதனால் வகுத்து அலைநீளத்தை நானோமீட்டரில் பெறலாம். 2.36 எலக்ட்ரான்வோல்ட் என்றால் 525 நானோமீட்டர், நம் பச்சை. இடைவெளி அகன்றால் ஒளி நீலத்தை நோக்கியும், குறுகினால் சிவப்பை நோக்கியும் நகரும். இந்த ஒரு கணக்கு கையிலிருந்தால் கீழே வரும் எண்களையெல்லாம் நிறமாக மாற்றிக்கொள்ளலாம்.

இந்தப் படிகங்களுக்குப் பெராவ்ஸ்கைட் என்று பெயர். அந்தப் பெயரின் கதை சிறியது. 1839-இல் ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியிலிருந்து வந்த ஒரு கனிமத்தை ஜெர்மன் கனிமவியலாளர் குஸ்தாவ் ரோஸ் ஆராய்ந்து, லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பிரமுகரின் பெயரைச் சூட்டினார். அது கால்சியம் டைட்டனேட். அதில் காரீயமும் இல்லை, அயோடினும் இல்லை. பிற்காலத்தில் அதே அணு அடுக்கமைப்பு உள்ள பொருள்கள் அனைத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த அமைப்பைக் கற்பனை செய்வது கடினமில்லை. ஒரு காரீய அணு நடுவில். மேல், கீழ், இடம், வலம், முன், பின் என ஆறு பக்கமும் ஆறு அயோடைடு அயனிகள். இந்த ஆறையும் கோடிட்டு இணைத்தால் எட்டு முகமுள்ள எண்முகி கிடைக்கும். ஒவ்வோர் எண்முகியும் தன் மூலையிலுள்ள அயோடைடைப் பக்கத்து எண்முகியோடு பங்கிட்டுக்கொள்கிறது. மூன்று திசையிலும் இப்படியே தொடர்ந்தால் முப்பரிமாணப் பெராவ்ஸ்கைட். எண்முகிகளுக்கு நடுவே உள்ள பொந்துகளில் சீசியம் அல்லது மீத்தைல்அம்மோனியம் போன்ற சிறிய நேர்மின் அயனி உட்காரும். சூரிய மின்கலங்களுக்காகப் பேசப்படும் பெராவ்ஸ்கைட் இந்த வகைதான்.

பொந்தின் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. எந்த அயனி அதில் பொருந்தும் என்பதற்கு விக்டர் கோல்ட்ஷ்மிட் 1926-இலேயே ஒரு வாய்ப்பாடு கொடுத்துவிட்டார். நம் ஃபீனைல்எத்தில்அமீன் அமிலத்தில் மாறிக் கிடைக்கும் ஃபீனைல்எத்தில் அம்மோனியம் போன்ற நீண்ட அயனி அதற்குள் நுழையாது. நுழையாததால் வலையமைப்பே தாளாகப் பிரிகிறது. எண்முகிகள் இரு திசையில் மட்டும் கைகோத்துத் தாளாக நிற்கின்றன. மூன்றாவது திசையில் கரிம அயனிகள் நின்று ஒரு தாளை அடுத்த தாளிலிருந்து விலக்கிவைக்கின்றன. கரிம அயனியின் அம்மோனியத் தலை தாளின் அயோடைடுகளைப் பற்றிக்கொள்ளும். ஹைட்ரோகார்பன் வால் வெளியே நீளும். நம் ஆரஞ்சுப் படிகத்தில் காரீய அயோடைடுத் தாளின் தடிமன் சுமார் 0.6 நானோமீட்டர். ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு உள்ள தொலைவு சுமார் 1.6 நானோமீட்டர். ஆக, இடத்தில் பாதிக்கு மேல் கரிமத்துக்குத்தான்.

முதலில் ஹாலைடு

அயோடின், புரோமின், குளோரின் குடும்பத்து அயனிகளுக்கு ஹாலைடு என்று பெயர். மிகச் சுலபமாக மாற்றக்கூடியது இதுதான். கீழ்ப்பட்டையின் உச்சி, காரீயத்தின் 6எஸ் ஆர்பிட்டாலும் (ஆர்பிட்டால் என்பது அணுவைச் சுற்றி எலக்ட்ரான் இருக்கும் இடம்; 6எஸ், 5பி, 6பி அதன் வகைகள்) அயோடினின் 5பி ஆர்பிட்டாலும் ஒன்றையொன்று எதிர்த்துச் சேரும் எதிர்ப்பிணைப்பு நிலையால் ஆனது. மேல்பட்டையின் அடிப்பகுதியில் காரீயத்தின் 6பி ஆர்பிட்டாலே மேலோங்கியிருக்கிறது. ஹாலைடு மாறினால் முக்கியமாக நகர்வது கீழ்ப்பட்டைதான். புரோமின் எலக்ட்ரான்களை அயோடினைவிட இறுக்கமாகப் பிடித்துவைத்திருக்கிறது. குளோரின் அதைவிட இறுக்கம். எனவே அயோடின், புரோமின், குளோரின் என்ற வரிசையில் கீழ்ப்பட்டை தாழ்ந்துகொண்டே போய், இடைவெளி அகல்கிறது.

முப்பரிமாண வகையில் இதன் வீச்சை 2015-இல் சூரிக்கின் இடிஹெச் நிறுவனத்தில் மாக்சிம் கொவாலென்கோவின் குழு தெளிவாகக் காட்டியது. சீசியம் காரீய ஹாலைடு நானோபடிகங்களில் குளோரைடு, புரோமைடு, அயோடைடு விகிதத்தை மட்டும் மாற்றி 410 முதல் 700 நானோமீட்டர் வரை, ஊதாவிலிருந்து சிவப்பு வரை எல்லா நிறத்தையும் வரவழைத்தார்கள். அடுக்கு வகையிலும் இதே போக்குதான், ஆனால் மொத்தமும் நீலப் பக்கம் தள்ளிப்போயிருக்கும். ஃபீனைல்எத்தில் அம்மோனியம் காரீய அயோடைடு 525-இல் பச்சை. அதன் புரோமைடு 410-ஐ ஒட்டி ஊதா. குளோரைடு கண்ணுக்குத் தெரியாத புற ஊதா.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். மீத்தைல்அம்மோனியம் காரீய அயோடைடு 770 நானோமீட்டரைத் தாண்டி, அகச்சிவப்பின் வாசலில் ஒளிர்கிறது, படிகம் கறுப்பு. அதே காரீயம், அதே அயோடின், அதே எண்முகி. தாளாகப் பிரித்ததும் அது எப்படிப் பச்சைக்குத் தாவியது?

தாளின் தடிமன்

முப்பரிமாண வகையில் எலக்ட்ரான் எல்லாத் திசையிலும் பரவலாம். ஒற்றைத் தாளில் அதற்கு மேலும் கீழும் கரிமச் சுவர். 0.6 நானோமீட்டர் இடுக்கில் அடைபட்ட எலக்ட்ரானின் ஆற்றல் குவாண்டம் விதிப்படி உயரும், துளைக்கும் அப்படியே. இரண்டின் ஆற்றல் நிலைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதால் இடைவெளி அகல்கிறது. இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நீலம்.

இதைச் சரிபார்க்க வேதியியலாளர்களிடம் அழகான வழி ஒன்று இருக்கிறது. பெரிய அயனியையும் சிறிய அயனியையும் ஒரே கரைசலில் கலந்தால், சிறியவை பொந்துகளில் உட்கார்ந்து எண்முகித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கும். பெரியவை அந்தக் கட்டுகளைப் பிரித்துவைக்கும். இரண்டின் விகிதத்தைப் பொறுத்து ஒவ்வொரு கட்டிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு தாள்கள் என அமைக்கலாம். 1994-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் டேவிட் மிட்ஸியும் சகாக்களும் வெள்ளீய அயோடைடில் இத்தகைய வரிசையைச் செய்துகாட்டினார்கள். 2016-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மெர்குரி கனாட்சிடிஸின் குழு காரீய அயோடைடில், பியூட்டைல்அம்மோனியத்தைப் பெரிய அயனியாகவும் மீத்தைல்அம்மோனியத்தைச் சிறிய அயனியாகவும் வைத்து, தூய படிகங்களாகவே பிரித்தெடுத்தது. ஒரு தாள் என்றால் இடைவெளி 2.43 எலக்ட்ரான்வோல்ட், இரண்டு தாள் 2.17, மூன்று 2.03, நான்கு 1.91. எண்ணிக்கை ஏறஏற, முப்பரிமாணப் பொருளின் எண்ணை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். படிகங்களைப் பார்த்தாலே தெரியும்: ஆரஞ்சு, சிவப்பு, பிறகு கறுப்பை நோக்கி. தனிமம் ஒன்றைக்கூட மாற்றாமல் விகிதத்தை மட்டும் மாற்றிக் கிடைத்த நிறங்கள் இவை.

அடைத்துவைப்பதோடு கரிமச் சுவரின் வேலை முடிந்துவிடவில்லை. எலக்ட்ரானும் துளையும் எதிரெதிர் மின்னூட்டம் உள்ளவை. ஒன்றையொன்று ஈர்த்து ஜோடியாகச் சுற்றும். இந்த ஜோடிக்கு எக்சிட்டான் என்று பெயர். முப்பரிமாண அயோடைடில் சுற்றியுள்ள படிகமே அந்த ஈர்ப்பை மட்டுப்படுத்திவிடுகிறது. அறை வெப்பத்தின் ஆற்றல் ஏறத்தாழ 25 மில்லி எலக்ட்ரான்வோல்ட், அதுவே ஜோடியைப் பிரித்துவிடப் போதும். சூரிய மின்கலத்துக்கு இது நல்லது, மின்னூட்டங்கள் பிரிந்து வெளியே வந்தால்தான் மின்சாரம். அடுக்கு வகையிலோ ஈர்ப்பு விசைக்கோடுகளில் பெரும்பகுதி கரிமச் சுவர் வழியாகவே போகின்றன. கரிமத்தின் மின்காப்பு மாறிலி குறைவு, ஈர்ப்பை அது மட்டுப்படுத்துவதில்லை. ஜோடியின் பிணைப்பு ஆற்றல் நூற்றுக்கணக்கான மில்லி எலக்ட்ரான்வோல்ட்டாக எகிறுகிறது. ஜப்பானில் டெருயா இஷிஹாராவும் சகாக்களும் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீண்ட ஹைட்ரோகார்பன் வாலுள்ள படிகத்தில் சுமார் 320 என அளந்தார்கள். வாலுக்குப் பதில் பென்சீன் வளையமுள்ள ஃபீனைல்எத்தில் அம்மோனியத்தை வைத்தபோது அது 220-ஐ ஒட்டி இறங்கியது. பென்சீன் வளையத்தின் மின்காப்பு மாறிலி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் காரணம். தாள் அதே தாள்.

பிரியாத ஜோடி ஒளிவிளக்குக்கு வரம். எலக்ட்ரானும் துளையும் பக்கத்திலேயே இருப்பதால் சீக்கிரம் சேர்ந்து ஒளியாகின்றன. இதை நம்பி 1994-இலேயே மசனாவ் எரா, டெட்சுவோ சுட்சுய், ஷோகோ சைட்டோ ஆகியோர் கியூஷு பல்கலைக்கழகத்தில் மேலே சொன்ன அதே ஆரஞ்சுப் பொருளை வைத்து ஒரு எல்இடி செய்தார்கள். பளிச்சென்ற பச்சை ஒளி வந்தது, ஆனால் திரவ நைட்ரஜனின் குளிரில் மட்டும். அறை வெப்பத்தில் படிகக் குறைகள் எக்சிட்டான்களை விழுங்கி, ஆற்றலை வெப்பமாக்கிவிட்டன. ஒளிரும் பொருளைக் கண்டுபிடிப்பது வேறு, அதைப் பிரகாசமாக ஒளிரவைப்பது வேறு என்பதை இந்தத் துறை அடுத்த இருபது ஆண்டுகள் தெரிந்துகொண்டே இருந்தது.

அதற்கான விடைகளில் ஒன்று சற்றே எதிர்பாராதது. மெல்லிய படலமாகப் பூசும்போது ஒரு தாள், இரண்டு தாள், ஐந்து தாள் எனப் பல தடிமன்கள் ஒன்றாகக் கலந்து படிந்துவிடும். தூய்மையை விரும்பும் படிகவியலாளருக்கு இது தலைவலி. ஆனால் மெல்லிய கட்டில் பிறந்த எக்சிட்டான், இடைவெளி குறைவான தடித்த கட்டுக்கு நொடியின் நுண்பகுதிக்குள் ஆற்றலைக் கைமாற்றிவிடுகிறது. படலத்தில் சிறுபான்மையாக இருக்கும் தடித்த கட்டுகளில் எக்சிட்டான்கள் குவிகின்றன. அங்கிருக்கும் குறைகள் நிரம்பிவிட, மிஞ்சியவை ஒளியாகின்றன. 2016-இல் டொரான்டோவில் எட்வர்ட் சார்ஜென்ட் குழுவும் சீனாவில் வேறொரு குழுவும் இந்த முறையில் சிறந்த எல்இடிகளைச் செய்தன. 2018-இல் பெராவ்ஸ்கைட் எல்இடிகளின் வெளிக் குவாண்டம் திறன் 20 சதவீதத்தைத் தாண்டியது. அதாவது, செலுத்திய நூறு எலக்ட்ரான்களுக்கு இருபதுக்கும் மேற்பட்ட ஒளித்துகள்கள் சாதனத்தைவிட்டு வெளியே வந்தன.

கரிம அயனி தாளை வளைக்கும் விதம்

இனி நான் முதலில் சொன்ன வியப்புக்கு வருகிறேன். தாளுக்குள் காரீயம், அயோடின், அடுத்த காரீயம் என்று போகும் கோட்டைப் பாருங்கள். அது 180 பாகையில் நேராக இருந்தால் ஆர்பிட்டால்கள் நன்றாகப் படிந்து, கீழ்ப்பட்டையின் உச்சி மேலே ஏறும், இடைவெளி குறுகும். கோடு வளைந்தால் படிவு குறையும், இடைவெளி அகலும். நம் படிகங்களில் இந்தக் கோணம் பொதுவாக 150 பாகையை ஒட்டியிருக்கிறது. ஒவ்வோர் எண்முகியும் பக்கத்து எண்முகியிலிருந்து சற்றே திருகி நிற்கிறது. எவ்வளவு திருக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அம்மோனியத் தலை. அது எண்முகிகளுக்கு நடுவிலுள்ள குழியில் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது, எந்த அயோடைடுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு வைக்கிறது என்பதைப் பொறுத்துத் தாள் நெளிகிறது.

இதற்கு நல்ல சான்று பியூட்டைல்அம்மோனியம் காரீய அயோடைடு. அதைக் குளிர்விக்கும்போது, தண்ணீர் உறையும் வெப்பநிலைக்கு அருகில், கரிம வால்கள் புதிய ஒழுங்குக்கு மாறுகின்றன. தாள்கள் கூடவே அதிகமாகத் திருகிக்கொள்கின்றன. ஒளி சட்டென்று நீலப் பக்கம் குதிக்கிறது. ஓர் அணுகூட வெளியே போகவில்லை, உள்ளே வரவில்லை. சேர்மத்தின் வாய்பாடு மட்டும் தெரிந்தால் நிறம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்தப் படிகத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரு முனையிலும் அம்மோனியத் தலை உள்ள கரிம அயனியை வைத்தால் ஒரே அயனி இரண்டு தாள்களையும் பிடித்து இணைக்கும், தாள்கள் நெருங்கிவரும். தலைகளின் இடம் கொஞ்சம் மாறினாலும், வளையத்தில் ஒரு கார்பன் தள்ளி அமைந்தாலும், கோணங்கள் மாறி, இடைவெளியும் மாறுகிறது. இந்த வகையில் எத்தனை அயனிகள் இருக்கின்றன என்பதற்குக் கணக்கே இல்லை. கரிம வேதியியல் முழுவதும் திறந்துகிடக்கிறது.

வெள்ளை ஒளியின் கதை இங்கேதான் வருகிறது. 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் ஹேமமாலா கருணாதாசவின் குழு, சில காரீய புரோமைடு அடுக்குகள் புற ஊதாவில் கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் அனைத்தையும் சேர்த்து வெள்ளையாக ஒளிர்வதை அறிவித்தது. (கருணாதாச இலங்கையைச் சேர்ந்தவர்.) சாதாரண வெள்ளை எல்இடியில் நீல ஒளி விடும் சில்லின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு தடவி, நீலத்தையும் மஞ்சளையும் கலந்து வெள்ளையாக்குகிறார்கள். இங்கே பூச்சும் இல்லை, கலவையும் இல்லை. ஒரே படிகம், ஒரே சேர்மம். அந்தப் படிகங்களில் தாள்கள் தட்டையாக இல்லாமல் மடிப்பு மடிப்பாக நெளிந்திருந்தன. புரோமைடில் கொஞ்சத்தைக் குளோரைடாக மாற்றினால் வெள்ளையின் சாயலையும் மாற்ற முடிந்தது. திறன் மட்டும் குறைவு: முதலில் கண்டவற்றுள் சிறந்தது விழுங்கிய ஒளியில் 9 சதவீதத்தைத்தான் திருப்பிக் கொடுத்தது.

ஒரே சேர்மம் எப்படி எல்லா நிறமும் தரும்? கயிற்றுக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்தால் அந்த இடம் குழிந்துவிடும். தானே உண்டாக்கிய குழியில் தானே மாட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சிரமப்படுவார். பெராவ்ஸ்கைட் தாளும் மென்மையானது. எக்சிட்டான் ஓரிடத்தில் தங்கியதும் சுற்றியுள்ள எண்முகிகள் உருமாறி, அதன் ஆற்றலைக் கீழே இறக்கிவிடுகின்றன. இதைத் தன்சிறை எக்சிட்டான் எனலாம். குழியில் விழும்போது ஆற்றலில் ஒரு பகுதி அதிர்வாகப் போய்விடுவதால், புற ஊதாவில் விழுங்கிய ஒளி மஞ்சளை மையமாக வைத்து வெளியே வருகிறது. படிகத்தின் அணு வலையமைப்பு அதிர்ந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு எக்சிட்டானும் ஒவ்வோர் ஆற்றலில் முடிகிறது. கூட்டிப் பார்த்தால் நீலத்திலிருந்து சிவப்பு வரை அகன்ற பட்டை, அதாவது வெள்ளை.

எந்தத் தாளில் குழி ஆழமாக விழும்? 2017-இல் அதே ஸ்டான்ஃபோர்டு குழு பல காரீய புரோமைடுகளை ஒப்பிட்டு ஒரு தொடர்பைக் கண்டது. எண்முகிகள் தாளின் தளத்துக்குள்ளேயே திருகி நிற்பது பெரிய விஷயமில்லை. தளத்தைவிட்டு மேலும் கீழுமாகச் சாய்ந்திருந்தால்தான் அகன்ற ஒளி வலுக்கிறது. சாய்வைக் கொடுப்பது யார்? மறுபடியும் கரிம அயனிதான்.

அகன்ற ஒளியைக் கண்டாலே தன்சிறை எக்சிட்டான் என்று முடிவுகட்டும் வழக்கம் சில காலம் இருந்தது. அயோடைடு அடுக்குகளில் குளிரில் தோன்றும் அகன்ற சிவப்புப் பட்டைக்கும் அப்படியே விளக்கம் சொன்னார்கள். 2020-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகக் குழு ஒரு நேரான சோதனை செய்தது: இடைவெளியைவிடக் குறைந்த ஆற்றலுள்ள ஒளியைப் படிகத்தில் பாய்ச்சியது. அந்த ஒளியால் எக்சிட்டானை உண்டாக்க முடியாது. எக்சிட்டான் இல்லாமல் அது தன்னைத்தானே சிறைவைத்துக்கொள்வதும் நடக்காது. ஆனாலும் சிவப்புப் பட்டை வந்தது. அப்படியானால் அது வருவது படிகக் குறைகளிலிருந்து. எனவே அகன்ற ஒளி பற்றிய கட்டுரைகளைப் படிக்கும்போது இந்தச் சோதனை செய்யப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

உலோகத்தை மாற்றினால்

காரீயத்துக்குப் பதில் வெள்ளீயத்தை வைத்தால், அதன் 5எஸ் எலக்ட்ரான்கள் காரீயத்தின் 6எஸ் எலக்ட்ரான்களைவிட உயர்ந்த ஆற்றலில் இருப்பதால், கீழ்ப்பட்டை மேலேறி இடைவெளி குறுகும். பச்சையாக ஒளிர்ந்த படிகத்தின் வெள்ளீயச் சகோதரி 630 நானோமீட்டரை ஒட்டிச் சிவப்பாக ஒளிர்கிறது. திரைகளுக்கு ஏற்ற நல்ல சிவப்பு. காரீயத்தின் நச்சும் இல்லை. ஆனால் அதே உயர்ந்த ஆற்றல்தான் வினையாகிறது. அந்த எலக்ட்ரான்களை வெள்ளீயம் எளிதில் இழந்து, இரண்டு நேர்மின் நிலையிலிருந்து நான்குக்குப் போய்விடும். காற்றுப் பட்டால் படலம் கெட்டுப்போகும். அதனால் வெள்ளீய ஆய்வகங்களில் ஆக்சிஜன் இல்லாத கையுறைப் பெட்டிக்குள்தான் எல்லா வேலையும்.

உலோகத்தை முழுவதும் மாற்ற வேண்டும் என்பதில்லை. அடுக்குக் காரீய புரோமைடில் சிறிதளவு மாங்கனீஸைச் சேர்த்தால், ஊதாவில் ஒளிர வேண்டிய படிகம் 600 நானோமீட்டரை ஒட்டி ஆரஞ்சாக ஒளிரத் தொடங்குகிறது. இங்கே ஒளி வருவது பட்டைகளிலிருந்து இல்லை. எக்சிட்டான் தன் ஆற்றலை மாங்கனீஸ் அயனிக்குக் கொடுத்துவிட, அதன் உள் எலக்ட்ரான்கள் அதை ஒளியாக்குகின்றன. நெருக்கமாகக் கட்டுண்ட எக்சிட்டான் இருப்பதால் இந்தக் கைமாற்றம் அடுக்கு வகையில் சுலபமாக நடக்கிறது.

நீலம் ஏன் இன்னும் தகராறு செய்கிறது?

பச்சையும் சிவப்பும் கைக்கு வந்துவிட்டன. நீலம்தான் படுத்துகிறது. தொலைக்காட்சித் திரைக்கு வேண்டிய நீலம் 465 நானோமீட்டரை ஒட்டியது. முப்பரிமாணப் புரோமைடு 520-ஐ ஒட்டிப் பச்சை, குளோரைடு 410. இரண்டையும் கலந்தால் நடுவில் நீலம் கிடைக்கும் என்று தோன்றும், கிடைக்கவும் செய்கிறது. நிலைத்துத்தான் நிற்பதில்லை. ஹாலைடு அயனிகள் இந்தப் படிகங்களுக்குள் இடம்விட்டு இடம் நகரக்கூடியவை. 2015-இல் எரிக் ஹோக்கும் சகாக்களும் (வெள்ளை ஒளிக் கட்டுரையிலும் இவர் பெயர் இருக்கிறது) புரோமைடு-அயோடைடு கலவையில் ஒளி பட்டதுமே அயோடைடுகள் ஓரிடத்தில் கூடிவிடுவதையும், ஒளிரும் நிறம் சிவப்பை நோக்கி ஓடுவதையும், இருட்டில் வைத்தால் பழைய நிலைக்குத் திரும்புவதையும் காட்டினார்கள். புரோமைடு-குளோரைடு கலவையிலும், மின்னழுத்தம் கொடுத்தால் இதே போன்ற பிரிவினை நடக்கிறது. நீல விளக்கு மெல்லப் பச்சைக்குச் சாய்கிறது.

சரி, ஹாலைடைக் கலக்காமல் தாளின் தடிமனால் நீலத்தைப் பிடிக்கலாமே? தூய புரோமைடில் ஒரு தாள் என்றால் 410, இரண்டு தாள் என்றால் சுமார் 435. மூன்று தாளில் நமக்கு வேண்டிய நீலத்தை நெருங்கிவிடுகிறோம். படிகத்தில் இது சரி. விளக்குக்குப் பூசும் படலத்தில்தான் சிக்கல்: மூன்று தாள் கட்டுகளை மட்டும் வரச்சொன்னால் வருவதில்லை. இரண்டும் ஐந்தும் அதற்கு மேலும் சேர்ந்தே படிகின்றன. மேலே பச்சை விளக்குக்குத் துணைநின்ற அதே ஆற்றல் கைமாற்றம் இங்கே எதிரியாகிறது. படலத்தில் தடித்த கட்டுகள் சொற்பமாக இருந்தாலும் எக்சிட்டான்கள் எல்லாம் அங்கே ஓடிப்போய்ப் பச்சையாகவே வெளிவருகின்றன. அதனால் நீலத்துக்கு உழைப்பவர்களின் கவனம் இப்போது ஹாலைடிலும் காரீயத்திலும் இருப்பதைவிடக் கரிமத்தில்தான் அதிகம். இரண்டு வகைப் பெரிய அயனிகளைக் கலந்து சேர்ப்பது, இரு தலை அயனிகளைப் பயன்படுத்துவது, படலம் உலரும் வேகத்தைச் சேர்க்கைப் பொருள்களால் மாற்றுவது எனப் பல வழிகளில் முயல்கிறார்கள். இவை அனைத்துக்கும் நோக்கம் ஒன்றே: ஒரு படலத்தில் எல்லாக் கட்டுகளும் ஒரே தடிமனில் அமைய வேண்டும்.